1,10,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் ஸ்விஃப்ட்: இன்ஜினை நம்பி வாங்கலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருப்பது இது. 2013 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் வண்டி, 1,10,000 கி.மீ. ஓடியது, சென்னைப் பதிவு எண், இரண்டாவது உரிமையாளர் விற்கிறார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு விநாடி ‘கடகட’ என்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது. சிக்னலில் ஏசி போட்டு நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஒரு மெக்கானிக், ‘கே சீரிஸ் எல்லாமே இப்படித்தான், தைரியமாக எடுங்கள்’ என்கிறார். இன்னொருவர், ‘செயின் போய்விட்டது, சீக்கிரமே இன்ஜின் வேலை வரும்’ என்கிறார். மைலேஜ் 13 என்று விற்பவரே ஒப்புக்கொள்கிறார். மாதம் ஐநூறு, அறுநூறு கிலோமீட்டர்தான் ஓட்டம், வாங்கிய பிறகு கேஸ் கிட் போடலாமா என்பது கடைசிக் கேள்வி. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நண்பர் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: இந்த இன்ஜின் தேய்ந்து முடியப்போகிறதா, இல்லை சின்னச் செலவில் சரியாகி இன்னும் பல வருடம் குடும்பத்தைச் சுமக்குமா?

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்து, சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்து, இப்போது கோவையில் சொந்தப் பட்டறை வைத்திருப்பவன். இந்த இன்ஜினைப் பல தடவை பிரித்து மாட்டியிருக்கிறேன். ஆனாலும் ஒரு சத்தத்தை எழுத்தில் படித்துவிட்டு இதுதான் நோய் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எது இன்ஜினின் அமைப்பிலிருந்தே நிச்சயமாகச் சொல்லக்கூடியது, எது என் பட்டறை அனுபவத்தில் வந்த கணிப்பு, எது அந்த வண்டியை நேரில் பார்த்தால்தான் தெரியும் என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் இன்ஜினைப் பற்றி. இது மாருதியின் கே சீரிஸ் வரிசையில் வந்த கே12எம். 1197 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு, மேலே அந்த வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம்ஷாஃப்ட். 2009-ல் ரிட்ஸ் காரில் வந்தது, 2010-ல் ஸ்விஃப்ட்டில் பழைய 1.3 லிட்டர் இன்ஜினின் இடத்தைப் பிடித்தது. ஏன் 1197 என்று கேட்டால் அதற்கு வரிக் கணக்குதான் காரணம். நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்குக் கலால் வரி குறைவு என்று 2006-ல் விதி வந்தது. ஹூண்டாயின் கப்பா இன்ஜினும் அதே 1197 சிசியில் வந்து நிற்பது இதனால்தான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இழுக்காது. கே12-இல் சிலிண்டரின் விட்டம் 73 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 71.5 மி.மீ. கப்பாவில் 71-க்கு 75.6. விட்டம் அதிகமாகவும் ஸ்ட்ரோக் குறைவாகவும் இருக்கிற இன்ஜின் வேகமாகச் சுழல விரும்பும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் 2013 மாடலில் 6000 ஆர்பிஎம்மில் 87 குதிரைத்திறன், 4000 ஆர்பிஎம்மில் 114 நியூட்டன் மீட்டர் டார்க். இதைப் பேப்பர் கணக்கு என்று தள்ளிவிடாதீர்கள். முழு இழுவை 4000-இல்தான் வருகிறது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, மூன்றாவது கியரில் 1200 ஆர்பிஎம்மில் மேம்பாலம் ஏறினால் வண்டி திணறத்தான் செய்யும். ‘பிக்கப் இல்லை, இன்ஜின் வீக்’ என்று என்னிடம் வரும் வண்டிகளில் கணிசமானவை கியர் இறக்காமல் ஓட்டப்பட்டவை.

அமைப்பில் இன்னும் மூன்று விஷயம் உங்கள் கேள்விக்கு முக்கியம். ஒன்று, கீழே சுழலும் கிராங்க்கையும் மேலே இருக்கும் கேம்ஷாஃப்ட்டையும் இணைக்க இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். இன்ன கிலோமீட்டரில் மாற்று என்று பெல்ட்டுக்குச் சொல்வதுபோல் செயினுக்குக் கணக்கு இல்லை. இரண்டு, அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், இன்டேக் கேமின் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பும் இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்பவை. ஆயில் கெட்டால் மசகு மட்டும் போகாது, இந்த இரண்டும் சேர்ந்து தடுமாறும். மூன்று, பிளாக்கும் அதன்மேல் உட்காரும் ஹெட்டும் அலுமினியம். எடை குறைவு, சீக்கிரம் சூடேறும், ஆனால் அளவு மீறிச் சூடானால் வளைந்துவிடும். பட்டறைக்குச் சாகக் கிடந்து வந்த கே12 இன்ஜின்களை நினைத்துப் பார்த்தால் ஆயில், சூடு, வெள்ளம் என்ற மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருந்திருக்கிறது. தானாகத் தேய்ந்து முடிந்தது என்று சொல்லும்படி வந்தது மிகக் குறைவு. இது என் அனுபவம்தான், புள்ளிவிவரம் இல்லை. ஆனால் ஒரே ஊரில் பல வருடம் ஒரே வேலையைப் பார்த்ததால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

இப்போது அந்த ‘கடகட’. வண்டி இரவு முழுக்க நின்றால் மேலேயிருக்கும் ஆயில் வடிந்து அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டிக்கு வந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அழுத்தம் கொடுத்து டென்ஷனருக்கு ஆயில் போய்ச் சேரும்வரை செயின் கொஞ்சம் தளர்வாக ஓடும். ஒரு விநாடி, இரண்டு விநாடி லேசான சத்தம் இதனால் வரலாம். லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இதை மட்டும் வைத்து செயின் போய்விட்டது என்று தீர்ப்பு சொல்வது அவசரம். அதே சமயம் ‘எல்லா வண்டியும் இப்படித்தான்’ என்பதும் சரியில்லை. ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டிகளில் இந்தச் சத்தம் வராமலே ஒன்றரை லட்சம் தாண்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சத்தம் எத்தனை நேரம் நீடிக்கிறது, எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து, சங்கிலியை உலுக்கியதுபோல் வந்தால் அது செயின். மேலே கவர் முழுக்க ‘டிக் டிக்’ என்று சீராக வந்து, சூடானதும் குறைந்தால் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் டேப்பட். இன்ஜின் சூடான பிறகும் சத்தம் இருந்தாலோ, ஆக்சிலேட்டரை மிதித்து விடும் நொடியில் சரசரத்தாலோ அப்போது கவலைப்பட வேண்டியதுதான்.

இதைக் காதை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். ஸ்கேனர் மாட்டிப் பாருங்கள். செயின் நீண்டுவிட்டால் கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று சொல்லும் நேரம் பொருந்தாது, இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு அதைக் கண்டுபிடித்து பி0016 என்ற பிழைக் குறியீட்டைப் பதிவு செய்யும். விற்பவர் பேட்டரியைக் கழற்றி அந்தக் குறியீட்டை அழித்திருக்கலாம் என்பதால் நன்றாக ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒரு தடவை பாருங்கள். அப்புறம் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒழுங்காகப் பராமரித்த கே12-இல் உள்ளே தெரியும் அலுமினியம் தேன் நிறத்தில், மெல்லிய பழுப்புப் படலத்தோடு இருக்கும். விரலை வைத்துத் தேய்த்தால் சுத்தமாக வழுக்கும். கெட்டதில் கறுப்பாக, மை போல் ஒரு பசை விரலில் ஒட்டும், மூடியின் உட்புறம் மேடு கட்டியிருக்கும். ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓடிய ஒரு வண்டி வந்தது. மீட்டரில் அறுபதாயிரம் கூட இல்லை. ‘கிலோமீட்டரே ஆகவில்லையே’ என்று மூன்று வருடமாக ஆயில் மாற்றவில்லை. டேப்பட் கவரைக் கழற்றினால் கேம்களுக்கு நடுவே பசை தேங்கி நின்றது, செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் கைடில் இரண்டு வரி பள்ளம் விழுந்திருந்தது. சம்பைக் கழற்றியபோது ஆயில் உறிஞ்சும் வலையில் பாதி அடைத்திருந்தது. அந்த வண்டியைவிட இரண்டு மடங்கு ஓடி, தவறாமல் ஆயில் மாறிய டாக்ஸிகளின் உள்பக்கம் பளிச்சென்று இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கம்பெனி சொல்வது 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. அந்த ‘ஒரு வருடம்’ என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். குறைந்த தூரம் ஓடி அணைக்கும் வண்டியில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். இந்த இன்ஜினின் மொத்த ஆயிலே மூன்று லிட்டரை ஒட்டித்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். எனவே ஆயில் கம்பியை எடுத்து அளவு பாருங்கள், நிறத்தோடு நிறுத்தாமல் இரண்டு விரலுக்கு நடுவே தடவித் தடிமனையும் பாருங்கள். விற்பதற்கு முன்னால் 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கும் வழக்கம் சந்தையில் உண்டு. சூடான இன்ஜினில் அது சத்தத்தைக் குறைக்கும். ஆனால் காலையில் டென்ஷனருக்கு ஏறிப் போக மெல்லிய ஆயிலைவிட அதிக நேரம் எடுக்கும், அதனால் முதல் ஸ்டார்ட் சத்தம் கூடவே செய்யும். உங்களுக்குக் கேட்கும் சத்தத்துக்கு இதுவே காரணமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. வாங்குவதாக இருந்தால் கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு, ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். மட்டமான ஃபில்டரில் ஆயிலைத் திரும்பி வடியவிடாமல் தடுக்கும் வால்வு சரியாக மூடாது. அதுவும் காலைச் சத்தத்துக்கு ஒரு காரணம், மாற்ற ஆகும் செலவோ மிகக் குறைவு.

சிக்னலில் நடுக்கம் என்பது வேறு விஷயம், அதைச் செயினோடு முடிச்சுப் போட வேண்டாம். இந்த வயதுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்ஜின் மவுண்டிங். இன்ஜினைத் தாங்கும் அந்த ரப்பர் இறுகியோ வெடித்தோ போயிருக்கும். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டுப் பிடிக்கட்டும், முன்னால் யாரும் நிற்க வேண்டாம். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இன்ஜின் லேசாகச் சாய்ந்து திரும்பினால் சரி, தூக்கிப் போடுவதுபோல் எகிறினால் மவுண்டிங் போய்விட்டது. அடுத்தது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி. அதன் தகட்டின் ஓரத்தில் கரி படிந்தால் ஐட்லிங்கில் போக வேண்டிய காற்று சரியாகப் போகாது. ஏசி கம்ப்ரசர் சேரும் நேரத்தில் ஆர்பிஎம் தொய்ந்து நடுங்கும். சுத்தம் செய்துவிட்டு ஐட்லிங்கை ஈசியு மறுபடி பழகிக்கொள்ள விட்டால் பல வண்டிகள் அதோடு சரியாகிவிடும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் மிஸ்ஸிங், அதாவது ஏதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இன்ஜினில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே, அதற்கு மின்சாரம் கொடுக்கத் தனித்தனி காயில். ஒரு காயில் பலவீனமானால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் விட்டு விட்டு எரியும், ஸ்கேனரில் பி0301-இலிருந்து பி0304 வரை ஏதாவது ஒன்று காட்டும். கடைசி எண்தான் சிலிண்டர். உதாரணமாக பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் போடுங்கள். குறியீடு பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் அதே இரண்டாவதில் நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) என்று தேட வேண்டும். புதுக் காயில் வாங்காமலே கண்டுபிடிக்கும் வழி இது, கால் மணி நேர வேலை. காயிலை எடுக்கும்போது அதன் ரப்பர் காலில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் டேப்பட் கவர் பேக்கிங் இறுகி, பிளக் குழிக்குள் ஆயில் இறங்குகிறது. இந்த வயது வண்டிகளில் இது சாதாரணம், பேக்கிங்கை மாற்றினால் முடிந்தது. மிஸ்ஸிங்கோடு மட்டும் நாள்கணக்கில் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும், அதன் விலை காயிலைப்போல் பல மடங்கு.

சூடு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. கொங்கு மண்டலத்துப் போர் தண்ணீரில் உப்பு எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டுக் குழாயின் வாயைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும், ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் வழிகளிலும் படியும். மேலும் கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது. வெறும் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது நீர்த்துப்போய் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். ரிசர்வ் டப்பாவில் நிறமே இல்லாத தண்ணீரோ, துரு நிறத் தண்ணீரோ இருந்தால் அந்த வண்டியில் யாரோ அடிக்கடி தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், அதாவது எங்கோ ஒழுகியிருக்கிறது. வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஓரங்கள், ஹோஸ் மாட்டும் இடங்கள் என்று வரிசையாகப் பாருங்கள். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சூடு ஒரு தடவை எல்லை மீறியிருந்தால் ஹெட் வளைந்து, அதற்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் வழியே எரிந்த காற்று கூலன்ட்டுக்குள் புகும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, தொடர்ந்து குமிழி வருகிறதா என்று பார்த்தால் தெரியும். சூடான இன்ஜினில் அந்த மூடியைத் தொடவே கூடாது, முகம் வெந்துவிடும். ஆயில் மூடியில் பால் நிறக் கொழகொழப்பு இருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் என்று பயந்துவிட வேண்டாம். குறைந்த தூரம் ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் ஈரத்தாலும் அப்படி வரும். ஆயில் கம்பியிலும் அதே பால் நிறம் இருந்தால்தான் நிச்சயம் பிரச்சினை.

சென்னைப் பதிவு எண் என்று சொன்னதால் வெள்ளத்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு மெக்கானிக்குமே அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் கார்கள் கூரை வரை மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதேபோல். நின்ற நிலையில் மூழ்கிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் முறையாகச் சுத்தம் செய்திருந்தால் பிழைத்துக்கொள்ளும். ஓட்டிக்கொண்டே தண்ணீரில் இறங்கினாலோ, வடிந்ததும் ஆர்வத்தில் சாவி திருப்பினாலோ ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்த ராடோடும் இன்ஜின் ஓடும் என்பதுதான் இதில் ஆபத்து. அந்த சிலிண்டரில் பிஸ்டன் முழு உயரம் ஏறாது, கம்ப்ரஷன் குறையும், கொஞ்சம் நடுக்கம் இருக்கும், ஒரு நாள் ராடு உடைந்து பிளாக்கையே துளைக்கும். உங்கள் வண்டியின் ஐட்லிங் நடுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வாய்ப்பு குறைவுதான், ஆனால் பார்க்காமல் விடக்கூடாது. நான்கு பிளக்கையும் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றால் நிம்மதி. ஒன்று மட்டும் தனியாகக் கீழே நின்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். கூடவே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். முன்சீட் தண்டவாளத் துரு, ஸ்டெப்னி குழியில் மண், டேஷ்போர்டுக்குக் கீழே கனெக்டர்களில் பச்சை பூத்திருப்பது எல்லாம் சாட்சி சொல்லும். பாலிஷ் போடுகிறவர்கள் அங்கெல்லாம் கை வைப்பதில்லை.

ஆயில் குடிக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். சூடான இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் லேசாகக் காற்று வருவது சகஜம். புகையோடு குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த காற்று கீழே கசிகிறது. பின்னால் ஒருவரை நிறுத்தி, கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட்டு ஆக்சிலேட்டர் கொடுங்கள். நீலப் புகை ஒரு கொத்தாக வந்து நின்றால் பெரும்பாலும் வால்வ் சீல், தொடர்ந்து வந்தால் ரிங். 1,10,000 கி.மீ.க்கு இந்த இன்ஜினில் ரிங் போவது இயல்பு இல்லை. போயிருந்தால் அதற்கு முன்னால் ஆயிலிலோ சூட்டிலோ ஏதோ நடந்திருக்கிறது, இல்லையென்றால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்தால் பழைய சர்வீஸ் தேதிகளும் கிலோமீட்டரும் கிடைக்கும், விற்பவரையே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

மைலேஜ் 13 பற்றி. கம்பெனி அப்போது சொன்ன 18.6 என்பது வாகனங்களைச் சோதிக்கும் ஏஆர்ஏஐ அமைப்பின் ஆய்வகச் சோதனை எண். திருப்பூர் நெரிசலில் ஏசியோடு 13 வந்தால் அதை நோய் என்று சொல்ல மாட்டேன். இதில் எத்தனாலுக்கும் பங்கு இருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதக் கலவைக்கு டியூன் செய்த பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. 14 கொடுத்த வண்டி 13 ஆவது இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். மைலேஜ் குறைவது உறுதி, ஆனால் பழைய இன்ஜினையே இது தின்றுவிடும் என்ற பேச்சில் பாதி பயம்தான். உலோகத்தைவிட ரப்பர்தான் இதில் கவனிக்க வேண்டிய இடம். 20 சதவீதக் கலவையைத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்து. 2013 வண்டியில் பெட்ரோல் ஹோஸ்களும் பம்பின் ஓ-ரிங்குகளும் எப்படியும் வயதானவை, வாங்கியதும் அவற்றைப் பார்த்து, இறுகியோ ஊறியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்கில் பெட்ரோலை வைத்திருக்கவும் வேண்டாம்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். ‘கே12’ என்று தேடினால் வருவதெல்லாம் உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தாது. 2014-இல் மாற்றி வந்த ஸ்விஃப்ட்டில் இதே இன்ஜின் 84 குதிரைத்திறனுக்கு வந்து மைலேஜ் கூடியது. 2020 டிசையரில் வந்த கே12என் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் கொண்ட, 90 குதிரைத்திறன் இன்ஜின். 2024 ஸ்விஃப்ட்டில் இருப்பதோ இசட்12இ என்ற மூன்று சிலிண்டர் இன்ஜின். அவற்றின் ஆயில் கிரேடும் குறைகளும் வேறு. யாரோ புது வண்டிக்குச் சொன்ன மெல்லிய ஆயிலை உங்கள் வண்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆயில், ஃபில்டர், மவுண்டிங், த்ராட்டில் பாடி என்று சில ஆயிரங்களில் முடிகிற வேலையாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கம்ப்ரஷன் நான்கிலும் ஒத்துப்போக வேண்டும், பி0016 வரக்கூடாது, சர்வீஸ் பதிவு இருக்க வேண்டும். மூன்றும் சரியென்றால் காலைச் சத்தத்தைக் காட்டி விலையைக் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் சேர்த்து மாற்றும் செலவைப் பட்டறையில் எழுதி வாங்கி, அந்தத் தொகையைப் பேரத்தில் வைக்கலாம், அது நியாயமான பேச்சுதான். மாற்றும் நிலை வந்தால் செயினை மட்டும் மாற்றி, பழைய டென்ஷனரையே போடச் சம்மதிக்காதீர்கள். முக்கியமாக, வண்டியைப் பார்க்கப் போகும் முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலை ஆறு ஏழு மணிக்கே போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

கடைசியாக கேஸ் கிட். இந்த வண்டியில் வேண்டாம் என்பதே என் பதில். கேஸ் பெட்ரோலைப்போல் ஈரமாக வந்து வால்வைக் குளிரவைக்காது, அதனால் எக்ஸாஸ்ட் வால்வும் அதன் சீட்டும் வேகமாகத் தேயும். இந்த இன்ஜினில் வால்வ் இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பட் கிடையாது. பழைய இன்ஜின்களைப்போல் திருகைத் திருப்பிச் சரிசெய்யும் வசதியும் இல்லை. அளவெடுத்து, கேம்ஷாஃப்ட்டைக் கழற்றி, வேறு தடிமனுள்ள டேப்பட் மாற்ற வேண்டும். சீட் தேயத் தேய இடைவெளி இறுகிக்கொண்டே போகும், சத்தம் கூடாது, குறையவே செய்யும், அதனால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்தில் சூடான இன்ஜினில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போகும், அப்போது ஹெட் வேலைதான். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவருக்கு, 40,000 கி.மீ.க்கு ஒரு தடவையாவது இடைவெளி பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தால், கணக்கு ஒத்துவரலாம். நீங்கள் சொல்லும் மாதம் ஐநூறு, அறுநூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கிட்டின் விலையை எடுக்கவே பல வருடமாகும். அந்தப் பணத்தில் நான்கு நல்ல பிளக்கும் ரேடியேட்டருக்குச் சரியான கூலன்ட்டும் வாங்கிப் போட்டு, மீதியை அடுத்த இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு சேர்க்க வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது, தனியாகச் சேர்த்திருந்தால்தான் வரும்.